தொடங்குதலும் தொடக்குதலும்: கணினியில் தமிழ் தானே எழுந்த வரலாறு

கணினித் தமிழின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துருவில் தொடங்கிக் குறியேற்றத்தில் முடிப்பர். எந்த ஆண்டில் எந்த எழுத்துரு வந்தது, எந்தக் குறியேற்றத்தை எந்த மாநாடு ஏற்றது, ஒருங்குறியில் தமிழ் எப்போது இடம்பெற்றது என்பனவே அவ்வரலாற்றின் அதிகாரங்கள். அவை வேண்டியவையே. ஆயினும் தொண்ணூறுகளில் கணினியில் தமிழைத் தட்டெழுதிய எவரைக் கேட்டாலும், அவருடைய அன்றாடத் தொல்லை வேறோரிடத்தில் இருந்தது புலப்படும். காலையில் கணினியை முடுக்கினால் அது ஆங்கிலத்தில் எழுந்து நிற்கும். தமிழை நாம்தான் போய் எழுப்ப வேண்டும். அந்த எழுப்புதலை ஒருமுறை செய்து மறந்துவிட இயலுமா, நாள்தோறும் செய்துகொண்டிருக்க வேண்டுமா? இச்சிறு வினாவைப் பற்றியதே இப்பொழிவு.

செலாயாங்கில் நாம் குடியிருக்கும் தெருவில் பள்ளி மாணவர்கள் சிலர் மாலை வேளைகளில் மடிக்கணினியும் கையுமாக வருவதுண்டு. அவர்களுள் ஒரு மாணவி ஒருநாள், "ஐயா, நேற்று நீங்கள் தமிழ் போட்டுக் கொடுத்தீர்கள். இன்றைக்குக் காணோமே" என்றாள். கணினியைப் பார்த்தோம். தமிழ் எங்கும் போய்விடவில்லை. மென்பொருள் வட்டில் பத்திரமாக இருந்தது. அது ஓடவில்லை, அவ்வளவுதான். இருப்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு அம்மாணவிக்கு மட்டுமன்று, அறிஞர் பலருக்கும் விளங்காதிருந்த காலம் ஒன்று உண்டு.

அவ்வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எழுத்துரு என்பது வடிவங்களின் தொகுப்பு. அதனை ஒருமுறை நிறுவிவிட்டால் வட்டில் கிடக்கும்; வேண்டும்போது கணினி அதை எடுத்துக்கொள்ளும். விசைப்பலகை மென்பொருள் அத்தகையதன்று. ஒருவர் விசையைத் தட்டும் ஒவ்வொரு கணமும் அது விழித்திருந்து, அந்தத் தட்டலை இடைமறித்து, அதற்கு முன் தட்டியது யாது என்பதையும் நினைவில் வைத்து, உரிய தமிழெழுத்தைத் தர வேண்டும். அஞ்சல் முறையில் 'கே' விசையைத் தட்டினால் 'க்' வரும். அடுத்து 'ஏ' விசையைத் தட்டினால் புள்ளி மறைந்து 'க' ஆகும். மேலும் ஒருமுறை தட்டினால் 'கா' ஆகும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆதலை நாம் தொடக்கப்பள்ளியில் கற்பிக்கும் முறையே இது. முந்தைய எழுத்தை அறியாத மென்பொருளால் இதனைச் செய்ய இயலாது. எனவே எழுத்துரு உறங்கலாம், விசைப்பலகை உறங்கலாகாது.

தட்டச்சுப் பொறியின் காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் தமிழ் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருந்தது. தாளைச் செருகினால் போதும். அப்பொறியில் பழகிய நம் தலைமுறையினர் கணினிக்கு வந்தபோது, மொழி என்பது பொறியின் இயல்பன்று, பொறியின்மேல் ஓடும் ஒரு நிரல் என்பதை ஏற்கச் சற்றுக் காலம் பிடித்தது.

கணினி எழுவது எவ்வாறு? மின்சாரம் நின்றவுடன் அதன் நினைவகம் வெறுமையாகிவிடும். மீண்டும் முடுக்கும்போது, அழியாத சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்ட சிறு நிரல் முதலில் ஓடி, வட்டிலிருந்து இயங்குதளத்தை எடுத்து நினைவகத்தில் வைக்கும். தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே மேலே தூக்குவது போன்ற செயல் என்பதால் ஆங்கிலத்தார் இதற்குப் 'பூட்' என்று பெயரிட்டனர். இயங்குதளம் எழுந்த பின், "இன்னும் யாரை எழுப்ப வேண்டும்?" என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். அப்பட்டியலில் பெயருள்ள மென்பொருள்கள் மட்டுமே தாமாகத் தொடங்கும். பெயரில்லாதவை, யாரேனும் அழைக்கும்வரை வட்டிலேயே கிடக்கும்.

தாமாகத் தொடங்கும் என்றோம். மொழியியல் கற்றவர் என்ற முறையில் இச்சொல்லில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. இயங்கு, இயக்கு, அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு எனத் தமிழில் மெல்லினம் தன்வினைக்கும் வல்லினம் பிறவினைக்கும் அமைந்த இணைகள் பல. தொடங்கு, தொடக்கு என்பதும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. ஆனால் தமிழகத்திலும் மலேசியாவிலும் 'தொடங்கு' என்னும் சொல்லே பெரும்பாலும் இரண்டு வேலையையும் செய்கிறது: மழையும் தொடங்குகிறது, அமைச்சரும் விழாவைத் தொடங்கி வைக்கிறார். இலங்கை நாளிதழ்களில் அமைச்சர் விழாவைத் 'தொடக்கி' வைப்பதை இன்றும் காணலாம். இலங்கையார் வழக்கே செம்மையானது என்பது நம் கருத்து. கணினியில் எந்த மென்பொருளும் தானே தொடங்குவதில்லை. யாரோ ஒருவர் ஒருநாள் அதன் பெயரைப் பட்டியலில் எழுதி வைத்தார். அதை வாசித்து இயங்குதளம் அதனைத் தொடக்குகிறது. நாம் 'தானியங்கி' என்பது ஒருமுறை இட்டு நாள்தோறும் நிறைவேறும் ஏவல்.

அப்பட்டியலின் முதல் வடிவத்தை நம்மில் சிலர் கையாலேயே எழுதியிருக்கிறோம். 1981-இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியிலும் அதன் வழிவந்தவற்றிலும் டாஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. அதில் 'ஆட்டோஎக்செக்' என்றொரு சிறு கோப்பு. வரிக்கு ஒரு கட்டளை. கணினி எழுந்ததும் மேலிருந்து கீழாக அவ்வரிகளைப் படித்து நிறைவேற்றும். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே ஓடும் என்பது பொதுவிதி. அவ்விதிக்கு ஒரு புறவழி இருந்தது. ஒரு நிரல் தன் வேலை முடிந்ததாகச் சொல்லி வெளியேறும். ஆனால் தன் உடலை நினைவகத்திலேயே விட்டுச் செல்லும். குறிப்பிட்ட விசையைத் தட்டினால் மீண்டும் உயிர்பெறும். 1984-இல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட சைடுகிக் என்னும் மென்பொருள் இவ்வுத்தியை உலகறியச் செய்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைத் தட்டெழுத விரும்பியோருக்கும் இப்புறவழியே வாயிலாயிற்று. இடம் குறைவு என்பதுதான் இடர். டாஸில் நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட்டு மட்டுமே. அதனுள் தங்கும் ஒவ்வொரு நிரலும் பிறவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாவா என்பது உண்மையிலேயே ஒரு முடிவாக இருந்தது. கனடாவில் வாழ்ந்த முனைவர் கு. சீனிவாசன் அவர்கள் 1984-இல் உருவாக்கிய ஆதமி போன்ற தொடக்ககாலத் தமிழ் மென்பொருள்கள் தமக்கென ஒரு தனி அறையைப் போன்றவை. அவ்வறைக்குள் சென்றால் தமிழில் எழுதலாம். வெளியே வந்தால் மீண்டும் ஆங்கிலம்.

கோலாலம்பூரின் பங்கு இவ்விடத்தில் வருகிறது. கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மகனார் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவில் தொடங்கிய பணி 'முரசு' எனத் தந்தையார் பெயரைத் தாங்கி, தொண்ணூறுகளில் விண்டோசுக்குரிய 'முரசு அஞ்சல்' ஆயிற்று. பெயரிலுள்ள அஞ்சலை நோக்குக. மின்னஞ்சல் என்பது ஒரு தனி அறையன்று. மடல் எழுதும் மென்பொருள் ஒருவர் செய்தது, ஆவணம் எழுதும் மென்பொருள் இன்னொருவர் செய்தது; இரண்டிலும் தமிழில் எழுத வேண்டுமானால், தமிழ் அவற்றுள் எதனுள்ளும் இல்லாமல், அவற்றுக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அறையை விட்டுத் தமிழ் முற்றத்துக்கு வந்தது என்று இதனைச் சொல்லலாம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் 'கணியன்' பணியும், சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் வழங்கிய 'மயிலை' எழுத்துருவும் அதே பத்தாண்டின் முயற்சிகளே.

முற்றத்துக்கு வந்த தமிழ் காலையில் யார் தயவில் எழும்? 1992-இல் வந்த விண்டோசு 3.1-இல் 'தொடக்கம்' என்றொரு குழு வைக்கப்பட்டது. ஒரு மென்பொருளின் படத்தை அக்குழுவுக்குள் இழுத்துப் போட்டால், விண்டோசு எழும்போது அதுவும் எழும். ஆட்டோஎக்செக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழைக்காக அரைநாளைத் தொலைத்தவர்களுக்கு இது பெரும் விடுதலை. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோசு 95 இக்குழுவைக் கோப்புறையாக்கியது. அதனுடன் 'பதிவேடு' என்னும் உட்கிடங்கிலும் ஒரு பட்டியலை வைத்தது. கோப்புறை பயனர் கண்ணுக்குத் தெரியும். பதிவேட்டுப் பட்டியலோ மென்பொருள்கள் தம்மைத் தாமே எழுதிக்கொள்ளும் இடம். திரையின் அடியில் கடிகாரத்தை அடுத்துச் சிறு படங்கள் நிற்கத் தொடங்கியதும் அப்போதுதான். தமிழ் விசைப்பலகை ஓடுகிறதா என்பதை அறிய நாம் பார்த்த இடம் அது. கடிகாரத்தின் அருகே அப்படம் இருந்தால் தமிழ் விழித்திருக்கிறது என்று பொருள்.

இப்பட்டியல் ஒன்றன்று, இரண்டு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று அக்கணினியைப் பயன்படுத்தும் குறிப்பிட்ட ஒருவருக்கு உரியது. மற்றொன்று அதில் நுழையும் எல்லாருக்கும் உரியது. முதலாவதை எவரும் மாற்றலாம். இரண்டாவதை மாற்றக் கணினி நிருவாகியின் இசைவு வேண்டும். வீட்டில் இவ்வேறுபாடு பொருட்டில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாம் இதனைப் பொறுத்தே அமைந்தது.

அதற்கு நம் பட்டறிவு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஓர் ஆண்டின் பள்ளி விடுமுறையில், கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கூடத்தில் தமிழாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிலரங்கு நடத்தினோம். முதல்நாள் முற்பகல் முழுவதும் ஒவ்வொரு கணினியாகச் சென்று தமிழ் விசைப்பலகையை நிறுவி, தொடக்கக் கோப்புறையிலும் சேர்த்து, அணைத்து முடுக்கிச் சரிபார்த்தோம். ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். மறுநாள் காலையில் சென்று பார்த்தால் ஒரு கணினியிலும் தமிழ் இல்லை. கோப்புறை வெறுமையாக இருந்தது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று நாம் சினந்து பேசியதும் உண்டு. அச்சினத்திற்கு இன்று வருந்துகிறோம். யாரும் அழிக்கவில்லை. மாணவர்கள் கணினியைக் கெடுத்துவிடாதிருக்க, ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் வட்டைப் பழைய நிலைக்கே திருப்பும் காவல் மென்பொருள் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். நாம் அணைத்து முடுக்கிப் பார்த்த வேளையில் அதைத் தளர்த்தி வைத்திருந்த பொறுப்பாளர், மாலையில் வீட்டுக்குச் செல்லும்முன் கடமை தவறாமல் மீண்டும் பூட்டிவிட்டுச் சென்றார். பூட்டுவதற்கு முன் அவர் மீட்பு நிலையை ஏற்றிவைத்தது பழைய படியிலிருந்து. அதில் தமிழ் இல்லை. அவர்மேல் குற்றம் இல்லை. அந்தப் படியை உருவாக்கிய நாளில், தமிழ் வேண்டும் என்று சொல்ல அங்கு ஒருவரும் இருக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் முற்பகலின் முதல் ஒரு மணி நேரம் நிறுவுவதிலேயே கழிந்தது. பயிலரங்கு முடிந்து சென்ற ஆசிரியர்களுள் எத்தனை பேர் தம் பள்ளியில் அதே ஒரு மணி நேரத்தை நாள்தோறும் செலவிட்டிருப்பர்?

அக்காலத்தில் மாநாடுகளுக்குக் குறைவில்லை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கணினித் தமிழர்கள் கூடினார்கள். சென்னைக் கூட்டத்தின் விளைவாகத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டிலேயே ஏற்ற விசைப்பலகைதான் 'தமிழ் 99'. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். அதன் நுட்பம் ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 'க' விசையை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். 'ங'வை அடுத்து 'க' தட்டினால் 'ங்க' ஆகும். மெல்லினம் தன் இன வல்லினத்தோடு மயங்கும் இலக்கணத்தை அறிந்த ஒருவர் வகுத்த பலகை அது. 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 1966-இல் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த நகர் இது என்பதை அப்போது பலரும் நினைவுகூர்ந்தோம். குறியேற்றங்களைப் பற்றி அம்மாநாடுகளில் அனல் பறந்தது. பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதைப் பற்றி எவரும் கட்டுரை படித்ததாக நமக்கு நினைவில்லை. நாமும் படிக்கவில்லை.

இயங்குதளமே தமிழை அறியத் தொடங்கியது 2000-இல். ஒருங்குறித் தமிழை ஏற்ற முதல் விண்டோசு அவ்வாண்டு வந்த விண்டோசு 2000. 'லதா' எழுத்துரு அதனுடன் வந்தது. 1991-இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அதைக் கணினியில் காண ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதன் பின்னும் தமிழ் தானே எழவில்லை. அடுத்த ஆண்டு வந்த விண்டோசு எக்ஸ்பியில், வட்டார அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். நிறுவல் குறுவட்டைச் செருக வேண்டும். கணினியை மறுபடி முடுக்க வேண்டும். நம் எழுத்துமுறை சிக்கலானது என்று அக்கட்டம் சொன்னது பலருக்கு வருத்தம் தந்தது. நமக்கு அக்குறுவட்டே பெரிய வருத்தம். கணினி வாங்கிய கடையில் அதைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

இக்காலத்தில்தான் இ-கலப்பை, அழகி முதலிய மென்பொருள்களும் முரசு அஞ்சலும் இல்லந்தோறும் பரவின. இவற்றைப் பயன்படுத்தியோர் இணையத்தில் தமிழை விதைத்தவர்கள். இவர்கள் எல்லாரையும் இணைத்த செயல் ஒன்றுண்டு: நிறுவியவுடன் 'கணினியுடன் தொடங்குக' என்னும் கட்டத்தில் குறியிடுவது.

2005-இல் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு வந்த ஆப்பிளின் மெக்கிண்டாசு 10.4 இயங்குதளத்துடன் முத்து நெடுமாறன் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துருவும், அஞ்சல், தமிழ் 99 ஆகிய விசைமுறைகளும் சேர்ந்தே வந்தன. தொடக்கப் பட்டியலில் வரி எழுத வேண்டிய தேவையே அங்கு இல்லை. விசைப்பலகை இயங்குதளத்தின் உறுப்பாகிவிட்டது. அதே ஆண்டு சிங்கப்பூரில் வெளியீடு கண்ட 'செல்லினம்' தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டு சென்றது. 2013-இல் ஐபோனின் ஏழாம் பதிப்பில் அவ்விரு விசைமுறைகளும் உள்ளேயே அமைந்தன. அவ்வாண்டுதான் தமிழ் இணைய மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. இன்றைய விண்டோசிலும் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளன. மொழிகளின் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். தனி மென்பொருள் வேண்டியதில்லை. தனி மென்பொருளையே விரும்புவோர் அமைப்புகளில் 'செயலிகள்' என்னும் பகுதிக்குள் 'தொடக்கம்' என்பதைத் திறந்து அதன் எதிரேயுள்ள பொத்தானைத் தள்ளலாம். செலாயாங் மாணவிக்கு நாம் காட்டியது அதைத்தான். அரை நிமிட வேலை.

ஆனால் உள்ளிருப்பது வேறு, முன்னிற்பது வேறு. நம் நாட்டில் கணினியில் ஆங்கிலமே முதல் விசைப்பலகையாக வரும். மலாய்மொழிக்கும் அப்பலகையே போதுமானதால் அதனை மாற்ற யாருக்கும் தேவை ஏற்படுவதில்லை. சீனப்பள்ளியில் ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் சீன உள்ளீட்டைச் சேர்ப்பது முதல் வேலை. அதனைச் சேர்க்காமல் அவரால் தம் பெயரைக்கூட எழுத இயலாது. தமிழாசிரியரோ ரோமன் எழுத்தில் தமிழை எழுதி ஒப்பேற்றிவிடலாம். அப்படி ஒப்பேற்றும் மடல்கள் நமக்கு நாள்தோறும் வருகின்றன. மொழித்துறைப் பட்டதாரிகளிடமிருந்தும் வருகின்றன. தமிழ் கணினியில் இல்லை என்னும் காரணத்தை இனி அவர்கள் சொல்ல முடியாது.

சென்ற ஆண்டு அண்மையில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியை ஒருவர் இதனை நேர்மையாகச் சரிசெய்ய முனைந்தார். கூடத்திலிருந்த எல்லாக் கணினிகளிலும் தமிழ் 99-ஐ முதலிடத்தில் வைத்தார். கணினியை முடுக்கினால் முதல் தட்டலிலேயே தமிழ் வரும். ஒரு வாரம் கழித்து நம்மை அழைத்தார். "ஐயா, யாராலும் உள்ளேயே நுழைய முடியவில்லை. கடவுச்சொல் தவறு என்கிறது" என்றார். சென்று பார்த்தோம். நுழைவுத் திரையிலேயே தமிழ் விழித்திருந்தது. பிள்ளைகள் தட்டிய ஆங்கிலக் கடவுச்சொல் ஒவ்வோர் எழுத்தும் தமிழாக மாறி, புள்ளிகளுக்குள் மறைந்து, கணினிக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆங்கில ஆசிரியர் நகைத்தார், தலைமையாசிரியர் நகைக்கவில்லை.

பட்டியலில் ஆங்கிலத்தை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வைத்து, விண்டோசு விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்துத் தட்டி மாற்றிக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். கடவுச்சொல்லையே தமிழில் வைத்தால் என்ன என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். ஆசிரியை அவனுடைய கணினியில் மட்டும் தமிழை முதலிடத்திலேயே விட்டு வைத்திருக்கிறார்.